நான் தின்ற புள்ளிவிவரம்

விழிஞ்ஞத்தில் ஐந்து மாதம் நான் சர்க்காரின் புள்ளிவிவரத்தைத் தின்றுகொண்டிருந்தேன். மிளகும் தேங்காயும் போட்டு, உப்பு கொஞ்சம் தூக்கலாக. அது புள்ளிவிவரம் என்று அப்போது தெரியாது. சிப்பி என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. விலங்கியல் படித்துவிட்டு, டுட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் மழையைப் பற்றி எழுத ஆரம்பிப்பது சுலபம். மழைதான் நிறுத்த விடாது. அந்தச் சமயத்தில் பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்தில் தற்காலிகக் கள உதவியாளர் வேலை ஒன்று வந்தது. ‘துறைமுகங்களில் முதுகெலும்பற்ற அயல் உயிரினங்களின் கட்டுப்பாடு’ என்று திட்டத்துக்குப் பெயர். இந்தப் பெயரை வைத்துச் செய்யக்கூடிய பகடிகளை எல்லாம் கிழக்கேகோட்டை பஸ்ஸின் கண்டக்டர் முதல் வாரத்திலேயே செய்து தீர்த்துவிட்டார். எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த அயல் உயிரினத்தை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஏதோ ஒரு தூரத்துக் கடலில் பிறந்து, கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு, விசாவும் விலாசமும் இல்லாமல் வந்து சேர்ந்தது. ஆரஞ்சு நிறம். தண்ணீரில் ஊறிய சோப்புப் போல வழவழப்பு. விரலால் அழுத்தினால் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சும். படகின் அடி, நங்கூரக் கயிறு, படகுகள் அணையும் ஜெட்டியின் தூண் எதையும் விடாது. ஈரத்துணியைப் போர்த்தியது போல மூடிவிடும். நம் ஊர்ச் சிப்பிகளின் மேலும் படர்ந்து மூச்சை அடைத்துவிடும் என்பதுதான் பயம். புத்தகத்தில் அதற்கு வாய் கொள்ளாத ஒரு லத்தீன் பெயர். எங்கள் படகோட்டி வைத்த பெயர் ‘சளி’. திட்ட அறிக்கைகள் எல்லாம் லத்தீனில் பேசின. அலுவலகத்தில் பியூன் முதல் அதிகாரி வரை சளி என்றுதான் சொன்னார்கள்.

படகோட்டிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். எல்லைக்கு அந்தப்புறத்துத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் பிறந்து, கல்யாணத்தினால் விழிஞ்ஞத்துக்காரர் ஆனவர். அவருக்குப் படகு இரண்டாவது தொழில்தான். அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டி, கடலுக்குள் நீளமாகக் கட்டிய சுவருக்கு அங்கே புலிமுட்டு என்று பெயர். கடல் தெளிந்திருக்கும் மாதங்களில் அந்தப் புலிமுட்டின் வெளிப்புறத்தில், இடுப்பில் வலைப்பையும் கையில் உளியுமாக முங்கிச் சிப்பி பறிப்பார். அவர் மனைவி அதைச் சந்தைக்குக் கொண்டுபோவார். குடும்பம் ஓடியது அதில்தான். இடது காதை எப்போதோ கடலுக்குக் கொடுத்துவிட்டார். வலது காதைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது கடல். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் அவரும், வள்ளம் என்று அவர் சொல்லும் அந்தப் படகும் எங்கள் திட்டத்துக்கு.

முதல் நாள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன்.

“அண்ணாச்சியா? நான் எப்பம் பலசரக்குக் கடை வெச்சேன்?”

“எங்க வீட்ல பெரியவங்கள அப்படித்தான் கூப்பிடுவோம்.”

“அப்ப சரி டீச்சரே. கடை இல்லாத்த அண்ணாச்சி. பற்றுச்சீட்டு கேக்கப்படாது.”

நான் டுட்டோரியலில் பாடம் எடுத்தவள் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து விழிஞ்ஞத்தில் நான் டீச்சர்.

எங்கள் வேலை எளிமையானது. ஒரு முழச் சதுரத்தில் ஓர் இரும்புச் சட்டம். புலிமுட்டுப் பாறைகளில் பெயிண்டால் ஒன்றிலிருந்து எட்டு வரை எண் எழுதியிருந்தோம். அண்ணாச்சி எண்ணுக்கு நேர்கீழே முங்கி, பாறையில் சட்டத்தை வைத்து, அதற்குள் இருப்பதை முழுவதும் சுரண்டிப் பையில் அள்ளிக்கொண்டு வருவார். ஜெட்டியில் நான் அதைத் தட்டில் கொட்டிப் பிரிப்பேன். சளியை எண்ணி, எடை போட்டு, ஃபார்மலின் ஜாடிக்குள் அனுப்புவேன். பிறகு படிவம் நிரப்புவேன்.

அந்தப் படிவத்தில் சளியின் எண்ணிக்கைக்கும் எடைக்கும் கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டத்தில் ‘மற்றவை’ என்று அச்சிட்டிருந்தது.

“மற்றவையில என்ன எழுதணும் சார்?” என்று திட்ட அதிகாரியிடம் கேட்டேன். அவர் மலையாளி, கெட்ட மனிதர் இல்லை, நிறையத் தமிழ்ப் படம் பார்ப்பவர். என்னோடு தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம்.

“அது ஒண்ணும் வேண்டாம். நம்ம ப்ராஜெக்ட் அந்நியருக்கு உள்ளது. நாட்டுக்காரை எண்ண வேற டிபார்ட்மென்ட் உண்டு.”

“உண்டா சார்?”

“உண்டாவும்.”

நான் மற்றவையில் ஒரு கோடு போட்டேன். ஸ்கேல் வைத்து, நேராக.

ஆனால் மற்றவை தட்டில் இருந்தன. சளியை எடுத்தபின் ஒவ்வொரு முறையும் கறுப்பும் பழுப்புமாகச் சிப்பிகள் குவிந்து கிடந்தன, சட்டம் நிறைய, உப்புநீர் சொட்டச் சொட்ட. திரும்பக் கடலில் போட்டால் ஒட்டாது, செத்துப்போகும். அண்ணாச்சியின் மனைவி சட்டியோடு வந்து நின்றார்.

“டீச்சரே, பேப்பர்ல இடமில்லாத்ததுக்கு என் சட்டியில இடம் உண்டு.”

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்குப் பெருங்காயம் விற்க வந்தவர். சுத்த சைவம். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள ஒரு சந்தில் இருந்தோம். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். மீன்காரி அந்தச் சந்தின் முனையில் குரலைத் தணித்துக்கொண்டு போவாள். நான் கொண்டுபோன டிபன் பாக்ஸில் தயிர்சாதமும் நார்த்தங்காயும்.

முதல் முறை வேண்டாம் என்றேன். இரண்டாவது முறை வாடையோடு மல்லுக்கட்டினேன். ஜெட்டியின் நிழலில் மூன்று கல், ஓலை நெருப்பு, மூடிய சட்டி. உள்ளே ஓடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம். யாரோ நாக்கைக் கொட்டிக் கூப்பிடுவது போல. அதைக் கேட்டபிறகு ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் நார்த்தங்காயைக் கடித்துக்கொண்டிருக்க முடியும். ஒன்றை வாயில் போட்டேன். அது ருசி இல்லை, இடம். கடலுக்கு ஒரு சின்ன அறை உண்டு என்றும், அதற்குள் நான் கால் வைத்துவிட்டேன் என்றும் தோன்றியது. அன்று மழையைப் பற்றி எழுதவில்லை.

வீட்டில் அம்மா மூக்கை உறிஞ்சினாள். “ஏட்டி, உன் மேல என்னமோ ஒரு வாடை.”

“மருந்தும்மா. சாம்பிள் கெடாம இருக்க.”

“நல்ல மருந்து. தலைக்கு ஊத்திக் குளிச்சிட்டு உள்ள வா.”

இதற்கிடையில் சளியைக் கட்டுப்படுத்தும் வேலையும் நடந்தது. ஒரு நாள் பந்தல் போட்டு, மைக் வைத்து, படகுகளின் அடியைச் சுரண்டும் இயக்கத்தைத் துவக்கினார்கள். வந்த பெரியவர்கள் ஆளுக்கொரு கரண்டியால் சளியைச் சுரண்டி, போட்டோவுக்கு நின்று, அதைத் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். அண்ணாச்சி என் பக்கம் குனிந்து, “இங்கயிருந்து எடுத்து அங்க போட்டா, அதுக்கும் ஒரு நாள் ஊர் சுத்தினது போல ஆச்சு” என்றார்.

அதிகாரியிடம் நேராகவும் சொன்னார். “சாரே, வள்ளத்தக் கரையில ஏத்தி மூணு நாள் வெயில் காட்டுங்க. சளி காய்ஞ்சு அப்பளமாவும். பொடிச்சுத் தென்னை மூட்டுல போடலாம்.”

அதிகாரி யோசித்துவிட்டுச் சொன்னார்: “நல்ல ஐடியாதான். பட்சே வெயிலுக்கு டெண்டர் விளிக்க முடியாதல்லோ.”

மே மாதம் படிவங்கள் கம்ப்யூட்டருக்குப் போயின. அலுவலகத்தில் அதற்கென்று ஒரு குளிர் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலில் போல வாசலில் செருப்புகள், உள்ளே பூப்போட்ட துணி போர்த்திய மூர்த்தி. அந்த மூர்த்தி கோடுகளை ஏற்றுக்கொள்ளாது. எண் கேட்டது. ஆபரேட்டர் என் நேரான கோடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூஜ்யம் அடித்தார்.

ஒரு வாரத்தில் வரைபடம் வந்தது. சளிக்கு மேலே ஏறும் சிவப்புக் கோடு. ‘மற்றவை’யாகிய உள்நாட்டுச் சிப்பிக்குத் தரையோடு தரையாக ஒரு பச்சைக் கோடு. ஐந்து மாதமும் பூஜ்யம். ‘அயல் உயிரினத்தின் ஆக்கிரமிப்பால் புலிமுட்டில் உள்நாட்டுச் சிப்பி இனம் முற்றாக அழிந்துவிட்டது’ என்று அறிக்கை துக்கப்பட்டது. துக்கத்தின் கீழே பரிந்துரை: மழை முடிந்ததும் துறைமுகத்தின் உள் ஜெட்டியையும் புலிமுட்டையும் தார்ப்பாயால் மூடி, உள்ளே பிளீச்சிங் பவுடர் கரைசலைச் செலுத்துவது, அந்தப் பருவம் முழுவதும் அங்கே யாரும் முங்கக்கூடாது.

மழைக்காலத்தில்தான் புலிமுட்டில் புதுச் சிப்பிக்குஞ்சுகள் ஒட்டும். அதன்மேல் பிளீச்சிங் பவுடர் போனால் அண்ணாச்சிக்கு அந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷமும் சந்தேகம்.

நான் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

“சார், அங்க சிப்பி இருக்கு. நிறைய இருக்கு.”

“எங்கே? டேட்டாவில இல்லையே.”

“நான் எழுதல. நீங்க எழுத வேண்டாம்னு சொன்னீங்க.”

“எழுதல்லெங்கில் என்ன ப்ரூஃப்? சாம்பிள் எங்கே?”

“தின்னுட்டோம் சார்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தயிர்சாதத்தைப் பார்ப்பது போல என் பையைப் பார்த்தார். “நிங்ஙளா? நிங்ஙள் வெஜிட்டேரியன் அல்லே?” குரலைத் தாழ்த்தினார். “சர்க்கார் சாம்பிள் தின்னது வெளியில சொல்லண்டா. ரிப்போர்ட் பைண்டிங்கினு போயி. அடுத்த வாரம் நிபுணர் கமிட்டி வந்து கையெழுத்திடும். பின்னே, இல்லாத்த சிப்பியைக் கொன்னா என்ன பாவம்?”

“படகோட்டியக் கேளுங்க சார், அவருக்குத் தெரியும்.”

“அவன் சிப்பிக்காரன். சிப்பி உண்டுன்னுதானே பறையும்.”

அன்று பஸ்ஸில் கண்டக்டரின் பகடிகூட எனக்குக் கேட்கவில்லை. ஜெட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி நல்ல காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அப்ப, நாம தின்னுதான் இது இல்லாம ஆச்சா” என்றார் மெதுவாக. வலைப்பையின் கிழிசலை விரலால் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருவது வருஷமா இந்தச் சுவர்ல பறிச்சுத் தின்னுதேன். அப்பம் தீரல்ல. பேப்பர்ல தின்னப்பம் தீந்து போச்சு.”

அவர் மனைவி கேட்டார்: “கமிட்டிக்காரங்ககிட்ட டீச்சர் சொல்லப்படாதா?”

“சொல்லாண்டாம்” என்றார் அவர். “டீச்சர் வீட்ல அறிஞ்சா குளிச்சாலும் தீராது. நானே எல்லாம் தின்னேன்னு எழுதட்டும்.”

“நீங்க சொன்னா எவன் நம்புவான்? சிப்பிக்காரன் சிப்பியப் பத்திச் சொன்னா அது வியாபாரம். தயிர்சாதக்காரி சொன்னாத்தான் சாட்சி.”

எனக்கு ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. மழை இன்னும் வரவில்லை, வரப்போவதன் புழுக்கம் மட்டும் வந்துவிட்டது. ஒரு கோட்டைப் பூஜ்யமாக்க ஒரு விரல் போதும். பூஜ்யத்தைச் சிப்பியாக்க ஒருத்தி தன் வாயையே எடுத்துக் காட்ட வேண்டும்.

கமிட்டி வந்தது. மூன்று ஆண்கள், தலைவியாகத் தலை முழுக்க நரைத்த ஒரு பேராசிரியை. அவர் கைப்பையில் பவுடர் டப்பா இருக்கும் இடத்தில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. காலையில் வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். பச்சைக் கோட்டைப் பார்த்து எல்லோரும் நாக்கால் உச்சுக்கொட்டினார்கள். தார்ப்பாயின் அளவைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

மதியம் விருந்தினர் விடுதியில் சாப்பாடு. வெளியூர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள், விழிஞ்ஞத்தின் விசேஷத்தை ருசி பார்க்க வேண்டாமா என்று அதிகாரியே ஆள் அனுப்பிச் சொல்லிவைத்திருந்தார். இலையில் சோறு விழுந்ததும் அண்ணாச்சியின் மனைவி ஒரு பெரிய சட்டியோடு உள்ளே வந்து, ஒவ்வோர் இலையிலும் வறுத்த சிப்பியைக் குவித்துக்கொண்டே போனார். கமிட்டி சாப்பிட்டது. ஒரு உறுப்பினர் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார். அழிந்துபோன இனத்தை அவ்வளவு அன்போடு யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

“ரொம்ப நல்லாருக்கு” என்றார் பேராசிரியை. “இது எந்த ஊர்ச் சிப்பி?”

அண்ணாச்சியின் மனைவி பரிமாறுவதை நிறுத்தினார். கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். ஓர இலையில் நான் சாம்பாரோடு உட்கார்ந்திருந்தேன். அதிகாரி அவசரமாக ரசம் கேட்டார்.

“இந்தப் புலிமுட்டுச் சிப்பி, மேடம்” என்றேன். “நாலாம் நம்பர் பாறை. ஐந்து மாசமும் இருந்தது. படிவத்துல இடம் இல்லாததால நான் கோடு போட்டேன். கம்ப்யூட்டர் அதைப் பூஜ்யமாக்கிடுச்சு. இருந்ததை நாங்க தின்னுட்டோம். நானும் தின்னேன்.”

இரண்டாவது முறை வாங்கியவர் கையிலிருந்த சிப்பியைத் திரும்ப இலையில் வைத்தார். பேராசிரியை இலையை மடித்து எழுந்தார். “சட்டம் எங்கே? இப்பவே போடுங்க.”

உச்சி வெயிலில், ஏப்பத்தோடு, கமிட்டி வள்ளத்தில் ஏறியது. அண்ணாச்சி சட்டையைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, சட்டத்தோடு முங்கினார். குமிழிகள் வந்தன, நின்றன. திரும்ப மேலே வந்தபோது வலைப்பை அவரை ஒரு பக்கமாக இழுத்தது. ஜெட்டியில் தட்டில் கொட்டி, அவர்கள் முன்னாலேயே நான் சத்தமாக எண்ணினேன். அறுபதைத் தாண்டியதும் ஒருவர் கழுத்தைத் துடைத்தபடி போதும் என்றார். “முடிக்கட்டும்” என்றார் பேராசிரியை. சிலவற்றின் மேல் சளியும் படர்ந்துதான் இருந்தது. அதையும் பூதக்கண்ணாடியால் பார்த்தார். “பயம் பொய் இல்லை. பூஜ்யம்தான் பொய்.”

அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். “பழைய மாசத்துக்கு ஒரு ஆவரேஜ் போடலாம். ஒரு தடவை எத்தனை தின்னிருக்கும்?”

அண்ணாச்சியின் மனைவி உடனே உதவிக்கு வந்தார். “பெருநாள் கழிஞ்ச வாரம் டீச்சர் ரெண்டு தட்டு. அதுக்கு முந்தி ஒரு தட்டுதான், அப்பம் கூச்சம் இருந்துது.”

பேராசிரியை சிரிக்கவில்லை. “ஊகம் வேண்டாம். நடந்ததை எழுதுங்க.”

அறிக்கையில் ஐந்து மாதத்தின் ஐந்து பூஜ்யங்களையும் குறுக்கே கோடிட்டு நீக்கிவிட்டு, படிவங்களின் மற்றவைக் கட்டத்தில் நான் ‘உண்ணப்பட்டது’ என்று எழுதினேன். “யாரால்?” என்றார் பேராசிரியை. ‘படகோட்டி, அவர் மனைவி, கள உதவியாளர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்துகளில் அரசாங்கம் பைண்டு செய்து பாதுகாத்தது அது ஒன்றுதான்.

புலிமுட்டு தப்பித்தது. உள் ஜெட்டியின் தூண்களுக்கு மட்டும் தார்ப்பாயும் பிளீச்சிங் பவுடரும் என்று உத்தரவு திருந்தியது. மழைக்குப் பிறகு தூண்களைச் சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டினார்கள். தூண்களில் சளி செத்தது. தார்ப்பாயின் வெளிப்புறத்தில் புதிதாக ஒட்டியது, நல்ல அகலமான இடம் கிடைத்த சந்தோஷத்தில். நான் அதைக் கேள்விப்பட்டதுதான். என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. சாம்பிள் தின்னும் உதவியாளர் திட்டத்துக்குத் தேவைப்படவில்லை.

ஓணம் கழிந்து, கடல் தெளிந்த ஒரு காலை. சந்தின் முனையில் ஒரு குரல், மீன்காரிகள் தணித்துக்கொள்ளும் அதே இடத்தில், கொஞ்சமும் தணியாமல்.

“இங்க சிப்பி தின்னுத டீச்சர் வீடு எது?”

நாலு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஐந்தாவதாக எங்கள் கதவு. அம்மா வாசலில் நின்றாள். அண்ணாச்சியின் மனைவி தலையிலிருந்து கூடையை இறக்கினார்.

“அம்மா, முதல் முங்குல எடுத்தது. அவரு டீச்சருக்குன்னு சொல்லி விட்டாரு. டீச்சர் மட்டும் சொல்லல்லியானா இந்த வருஷம் எங்க அடுப்புல பூனைதான் கிடக்கும்.”

“என்ன சொன்னா?” என்றாள் அம்மா.

“தின்னேன்னு சொன்னாங்க. பெரிய ஆபீசர்மாரு முன்னால.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கூடையின் மேல் இருந்த வாழையிலையை விலக்கி, ஒரு முறை மூக்கை உறிஞ்சினாள்.

“அந்த மருந்துதான்” என்றாள்.

பிறகு அந்தம்மாவைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், முருங்கை மரத்தடியில் மணையைப் போட்டு உட்காரவைத்து, காபி கொடுத்தாள். விளிம்பு நெளிந்த ஓர் அலுமினியச் சட்டியைப் பரணிலிருந்து எடுத்துக் கொல்லைப்புறத்தில் வைத்தாள். அது இனி உள்ளே வராது என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இது எவ்வளவு நேரம் வேகணும்?”

“வாய் தெறந்தா ஆச்சு.”

“தெறக்காதது?”

“அதத் தின்னப்படாது அம்மா. செத்தது.”

அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் மூன்று கல் தேடிக்கொண்டிருந்தேன். சட்டியில் முதல் ஓடு திறந்த சத்தம் கேட்டபோது, முன்கட்டிலிருந்து தாளிக்கும் சத்தமும் கேட்டது. அம்மா தாத்தா காலத்துக் கட்டிப் பெருங்காயத்தை, வழக்கத்தைவிட நாலு மடங்கு, காய்ந்த எண்ணெயில் போட்டிருந்தாள்.

சந்து முழுக்கத் தும்மினார்கள்.